முதலில் பார்க்கும் முகம்

ஜெயராமன் குட்டியை எடுத்தபோது அதற்கு இன்னும் கண் திறக்கவில்லை. அதனால்தான் எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தாய் நாய் செவலை குட்டிகளை விட்டுவிட்டுக் கறிக்கடைப் பக்கம் போயிருந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தவர் போல ஜெயராமன் பனியனோடு கொல்லைக்கு வந்தார். தொழிற்சாலைக்கு மெஷின் வந்து இறங்கிய பெரிய மரப்பெட்டி ஒன்று முருங்கை மரத்தடியில் சாய்ந்து கிடக்கும். அதன் மேல் ஏதோ வெளிநாட்டு எழுத்து. உள்ளே எங்கள் விறகும், ஒரு வாரமாகச் செவலையின் குட்டிகளும் இருந்தன. நான்கு குட்டிகள். ஒவ்வொன்றையும் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கினார். மூன்று கத்தின. கறுப்பும் வெள்ளையுமாக இருந்த கடுவன் மட்டும் கத்தவில்லை. அதன் நகங்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

நான் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். விட்டிருக்கலாம். எனக்கு விடத் தெரியாது.

"சார், இன்னும் கண்ணே தெறக்கல. இப்ப எடுத்தா செத்துடும்" என்றேன்.

"நீ படிச்சது தவளையும் கரப்பானும்" என்றார் அவர், குட்டியைப் பார்த்துக்கொண்டே. "கண்ணு தெறக்கயில மொத மொத எந்த மூஞ்சியப் பாக்குதோ, சாகுற வரைக்கும் அதுதான் அதுக்குச் சாமி. ஆத்தாளப் பாத்துட்டா அப்புறம் அது தெரு நாயி. எங்க பெரியப்பாவுக்குத் தெரிஞ்சது ஒங்க காலேஜுக்குத் தெரியாதுத்தா."

தவளை, கரப்பான் என்று அவர் சொன்னது பொய்யில்லை. விலங்கியல் பட்டம் வாங்கிய நான் மூன்று வருஷத்தில் ஒரு நாயைப் பற்றி ஒரு வரி படித்ததில்லை. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது. மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பலகைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து அம்மா இருமினாள். அது இருமல் இல்லை.

அந்தப் பலகைத் தடுப்புதான் எங்கள் வீடு. ஆவடி குவார்ட்டர்ஸில் அந்த வீடு ஜெயராமன் பெயருக்கு ஒதுக்கப்பட்டது. அவர் தொழிற்சாலையில் கடைசல் பிடிக்கும் டர்னர், சாத்தூர்ப் பக்கத்துக்காரர். பின் வராந்தாவைப் பெட்டிப் பலகை அடித்து மறைத்து எங்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். சட்டப்படி அது கூடாது. எஸ்டேட் ஆபீஸிலிருந்து யாராவது வந்தால், நாங்கள் அவருடைய சொந்தக்காரர்கள், நாலு நாள் தங்கிப் போக வந்தவர்கள் என்று சொல்ல வேண்டும். குத்தம்பாக்கத்தில் அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு நின்று, இப்போது அதே தொழிற்சாலையில் மூட்டை தூக்கும் என் அப்பா வேம்புலி, சாத்தூர்க்காரருக்கு எந்த வழியில் சொந்தம் என்று எந்த ஆபீசரும் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று நான் தினம் ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன்.

போன மாதம் கொல்லையில் காயவைத்திருந்த ஜெயராமனின் பித்தளை அண்டா திருடு போய்விட்டது. அன்றிலிருந்து அவருக்கு நாய்ப் பைத்தியம். செவலை இந்தக் கொல்லையிலேதான் கிடக்கிறது, குரைக்கவும் செய்கிறது. ஆனால் அது எல்லார் வீட்டுச் சோற்றையும் தின்கிற நாய். தனக்கு மட்டும் குரைக்கிற நாய் வேண்டும் அவருக்கு.

குட்டியைக் கொண்டுபோய் முன்னறையில் ஒரு பிஸ்கட் டின்னில் பழைய துணி போட்டு விட்டார். ஜன்னலுக்குக் கம்பளி கட்டினார். அவர் மனைவி வசந்தாவுக்கு உத்தரவு ஆனது. அவர் ஷிப்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் மைப் பில்லரால் மாட்டுப்பால் விடவேண்டியது அவள் பொறுப்பு. அந்த நேரம் பார்த்துக் குட்டி கண் திறந்துவிட்டால் என்ன ஆவது? அதனால் முந்தானையால் முகத்தை முழுக்க மூடிக்கொண்டு விடவேண்டும். மகள் பேபி அந்த அறைக்குள் காலே வைக்கக் கூடாது. பேபிக்கு ஏழு வயது இருக்கும். வாசலில் நின்று, அம்மா முகத்தை மூடிக்கொண்டு தடவித் தடவிப் பால் விடுவதைப் பார்த்துச் சிரித்து அடி வாங்கினாள்.

செவலை திரும்பி வந்து பெட்டிக்குள் தலையை விட்டது. மூன்றையும் முகர்ந்தது. வெளியே வந்து பெட்டியைச் சுற்றியது. மறுபடியும் உள்ளே போய் முகர்ந்தது. அப்புறம் நேராக ஜெயராமன் வீட்டுப் பின்கதவுக்குப் போய் நின்றுவிட்டது. குரைக்கவில்லை. கதவின் அடியில் மூக்கை வைத்து இழுத்து இழுத்து மூச்சு விட்டது. பிறகு பிறாண்ட ஆரம்பித்தது. வசந்தா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டினாள். நனைந்த உடம்போடு திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது.

உள்ளே அந்தக் குட்டி அன்றைக்கு முழுக்கக் கத்தியது. மறுநாளும் கத்தியது. பூனை கத்துவதுபோலச் சின்னக் குரல். பலகைத் தடுப்பு எதையும் தடுக்கவில்லை. அம்மா சோறு வடித்துக்கொண்டே, "காத மூடிக்கோ. வாய அதவிட நல்லா மூடிக்கோ" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சத்தம் நின்றது.

அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வசந்தா பின்கதவைத் திறந்து, என்னைப் பார்த்துக் கையசைத்தாள். அம்மா என் தாவணியைப் பிடித்தாள். உருவிக்கொண்டு போனேன்.

வசந்தா இருட்டறையிலிருந்து டின்னைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். குட்டி மல்லாந்து கிடந்தது. வயிறு உருமி மேளத் தோல் மாதிரி விறைத்திருந்தது. தொட்டால் விரல் அமுங்கவில்லை. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

"பாலு நெறையாக் குடுத்துட்டேனோ?" என்றாள் வசந்தா.

டின்னுக்குள் கைவிட்டுத் துணியைத் தொட்டேன். காய்ந்திருந்தது. மாற்றினீர்களா என்று கேட்டேன். மாற்றவில்லை, ஞாயிற்றுக்கிழமை போட்டதுதான் என்றாள். இத்தனை பால் உள்ளே போயிருக்கிறது, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. ஏன் வரவில்லை என்று தெரியவில்லை, ஆனால் இது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இல்லை என்று மட்டும் தெரிந்தது.

நான் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிடுகிறேன், கேட்டால் நான்தான் எடுத்தேன் என்று சொல்லுங்கள் என்றேன். அவள் என்னை மறித்துக்கொண்டாள். அவர் வரட்டும், ஷிப்டு சங்கு ஊதுகிற நேரம்தான், வந்ததும் சொல்லலாம் என்றாள். அதற்குள் செத்துவிடும் என்றேன். செத்தால் தானாகச் செத்தது என்று ஆகும், எடுத்துக் கொடுத்தால் நான் கொடுத்தது என்று ஆகும் என்றாள். அவள் சொன்னதிலும் ஒரு கணக்கு இருந்தது. அந்த வீட்டில் பிழைப்பதற்கு அவள் போட்டுவைத்த கணக்கு. எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. எங்கள் அம்மாவும் இதையேதான் செய்கிறாள் என்று நினைத்ததும் கோபம் இரண்டு மடங்கானது.

நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு நின்ற நேரத்தில் பேபி டின்னை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

பின்கதவு திறந்துதான் கிடந்தது. பெட்டிக்குள் மற்றக் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த செவலைக்கு வாசனை வந்துவிட்டது. பேபி பெட்டியை எட்டுவதற்குள் அது எதிரே பாய்ந்தது. அவள் குட்டியைக் கையில் எடுத்து நீட்டினாள். செவலை குட்டியைத்தான் கவ்வ வந்தது. இரண்டு நாள் தவிப்பு அதன் வாயில் இருந்தது. குட்டியோடு சேர்த்து அவள் முன்கையிலும் பல் இழுத்தது. பேபி அலறிக்கொண்டு விழுந்தாள்.

நான் போய் அவளைத் தூக்கினேன். முழங்கைக்குக் கீழே ஒரு கோடு, அதில் ரத்தம். குழாயடிக்குத் தூக்கிப்போய்த் துணி சோப்பை வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அவள் கத்தக் கத்த விடவில்லை. அங்கே உட்கார்ந்தபடியேதான் அதைப் பார்த்தேன்.

செவலை குட்டியைப் பெட்டி வாசலில் போட்டு, மூக்கால் புரட்டி மல்லாத்தியது. அடிவயிற்றை நக்க ஆரம்பித்தது. அழுத்தி, விடாமல், சட்டி வழிப்பதுபோல. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு குட்டியின் அடிவயிற்றிலிருந்து மெல்லிய நூல் மாதிரி மூத்திரம் வந்தது. நிற்காமல் வந்தது. தாய் அதையும் நக்கிக்கொண்டே இருந்தது. வயிறு என் கண்முன்னால் தளர்ந்தது. குட்டி கத்தியது. இந்த முறை சத்தம் வந்தது.

பின்னால் வசந்தா நின்றுகொண்டிருந்தாள். அவளும் பார்த்தாள். தாய் நக்காவிட்டால் அந்த வயதில் ஒன்றுக்குக்கூடப் போகத் தெரியாத உயிர் அது. அதைத்தான் டின்னில் போட்டு, ஜன்னலை மூடி, முகத்தை மூடிப் பால் விட்டுக்கொண்டிருந்தோம்.

சங்கு ஊதியது.

ஷிப்டு விட்டுச் சைக்கிள்கள் வந்தன. ஜெயராமன் வீடு வந்து சேர்வதற்கு முன்பே செய்தி அவரிடம் சேர்ந்துவிட்டது. பெண்ணை வெறிநாய் கடித்துவிட்டது என்று யாரோ தெருமுனையிலேயே சொல்லியிருந்தார்கள். வரும்போதே கையில் இரும்புக் குழாய் இருந்தது. கூட எங்கள் குவார்ட்டர்ஸ் லைனைச் சேர்ந்த நாலைந்து பேர், கட்டையும் கல்லுமாக. அப்பாவும் அந்தக் கும்பலுக்குப் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் கையில் ஒன்றும் இல்லை.

நான் போய்ப் பெட்டி வாசலில் உட்கார்ந்துகொண்டேன். என் முதுகுக்குப் பின்னால் செவலை உறுமியது எனக்குக் கேட்டது. அது என்னையும் கடிக்கலாம். அது பற்றி யோசிக்க நேரமில்லை.

ஜெயராமன் எழுந்திரு என்றார். மாட்டேன் என்றேன். கடித்த நாயை உயிரோடு விடுகிற வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது என்றார். என் தலைக்கு மேலே ஒரு கல் வந்து பலகையில் மோதியது. யார் எறிந்தது என்று பார்க்கவில்லை.

"சார், இத நீங்க அடிச்சுட்டீங்கன்னா, டாக்டர் மொதல்ல நாய் எங்கன்னுதான் கேப்பாரு" என்றேன். "செத்துப்போச்சுன்னு சொன்னா பேபிக்குத் தொப்புளச் சுத்தி ஊசி. தெனம் ஒண்ணு. நாய் உசுரோட இருந்து, பத்து நாள் நல்லாத் தின்னுகினு இருந்தா, அதுக்கு வெறி இல்லன்னு அர்த்தம். அது பொழச்சாத்தான் உங்க பொண்ணு ஊசியிலேர்ந்து தப்பிப்பா."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குப் போட்டாங்க சார்."

அது காலேஜில் படித்ததில்லை. குத்தம்பாக்கத்தில் நான் பேபி அளவு இருந்தபோது ஒரு நாய் கடித்தது. பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குத் தினமும் அப்பா தோளில் போனேன். ஊசியைப் பார்த்ததும் நான் உடம்பை வில்லாக வளைப்பேன். இரண்டு நர்ஸ் காலைப் பிடிக்க, அப்பா தோளைப் பிடிப்பார். நாயைக் கொண்டுவந்து கட்டிவைத்திருந்தால் இத்தனை ஊசி வேண்டியிருக்காதே என்று அங்கே கேட்டார்கள். நாயை அன்றைக்கே அடித்துக் கொன்றுவிட்டிருந்தார்கள். அடித்தது அப்பா.

ஜெயராமன் என்னை விட்டுவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"வேம்புலி. ஒம் மகள எந்திரிச்சு வரச்சொல்லு. இல்லைன்னா நாளைக்கே சட்டி பானையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பு."

அம்மா பலகைத் தடுப்பு ஓரம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா சைக்கிளை முருங்கை மரத்தில் சாய்த்தார். அதற்கு அவருக்கு ரொம்ப நேரம் பிடித்ததுபோல இருந்தது. என்னை நோக்கி வந்தார். என் கையைப் பிடித்து இழுப்பார் என்றுதான் நினைத்தேன். இழுத்தால் கடித்துவிடுவது என்றுகூட முடிவு செய்திருந்தேன்.

அவர் சைக்கிள் கேரியரிலிருந்து கயிற்றை அவிழ்த்துக் கொண்டுவந்திருந்தார். என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். செவலை அவரைப் பார்த்து உறுமியது. அதன் பெயரைச் சொல்லிச் சொல்லி, கையை மெதுவாக நீட்டி, கழுத்தில் சுருக்கு விழாத முடிச்சாகப் போட்டு, மறுமுனையை மரத்தில் கட்டினார். பெட்டிக்குள் போய் வருகிற நீளத்துக்குக் கயிறு விட்டார்.

"வாணாம் சார்" என்றார். நிமிர்ந்து பார்க்காமலேதான் சொன்னார். "இவுளுக்கு ஊசி போடச்சொல்லோ நான்தான் புடிச்சுகினு இருந்தேன். உங்களால அது முடியாது. பத்து நாள் நான் காவலு கீறேன்."

ஜெயராமன் கையிலிருந்த குழாய் கொஞ்சம் இறங்கியது. மகளைப் பார்த்தார். அவள் அம்மா இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். கூட வந்தவர்களில் ஒருவர், உலகநாதன், வேம்புலி சொல்வது சரிதான் என்று முணுமுணுத்தார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அத்தனை பேர் முன்னால் வெறும் கையோடு திரும்ப அவருக்கு மனம் வரவில்லை.

"சரி. அந்தக் குட்டிய எடுத்துக் குடு. அது எனக்குன்னு எடுத்தது."

அங்கேதான் என் வாய் என்னிடம் கேட்காமல் திறந்தது.

"எடுத்துகினு போங்க சார். ஆனா பால் விட்டா மட்டும் போதாது. மல்லாக்கப் போட்டு அடிவயித்த நக்கணும். அப்பதான் அது ஒண்ணுக்குப் போவும். ஒவ்வொரு வாட்டியும் நக்கணும். அதோட அம்மா அப்படித்தான் செய்யுது, வசந்தாக்காவும் பாத்தாங்க. நீங்கதானே அதுக்கு எல்லாமா இருக்கணும்னு ஆசப்பட்டீங்க? நக்குங்க."

வேலியோரம் நின்ற ஒரு ஆள், "நைட் ஷிப்டுன்னா இன்னா பண்ணுவ மச்சான், லீவு போடுவியா?" என்றான். உலகநாதன் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். வசந்தாவின் உதடும் ஒரு கணம் மடிந்தது. ஜெயராமன் அதைப் பார்த்துவிட்டார்.

குழாயைக் கீழே போட்டார். ஒன்றாம் தேதிக்குள் வீடு காலியாக வேண்டும் என்று அப்பாவிடம் அமைதியாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறுநாள் மாறியிருக்கும்.

அம்மா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. நாயைக் காப்பாற்றுவதற்குக் கயிறு போதும், கும்பலைத் தடுப்பதற்கு அப்பா போதும், அந்தக் கடைசிப் பேச்சு யாரைக் காப்பாற்ற என்று அப்பாவிடம் கேட்டாளாம். இன்னொரு முறை அந்த இடத்தில் நின்றாலும் அதையேதான் சொல்வேன்.

டாக்டர் நான் சொன்னதையே சொன்னார். நாயைக் கண்ணிலேயே வைத்திருங்கள், ஒரு வேளை தின்னாவிட்டாலும் வந்து சொல்லுங்கள் என்றார். அதன் பிறகு அந்த லைனில் செவலைக்குக் கிடைத்த மரியாதை வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வீடு சோறு வந்தது. ஜெயராமன் வேலைக்குப் போகும் முன்பும், வந்த பின்பும் பெட்டிக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, அது தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்று பார்ப்பார். தான் கொல்ல வந்த நாய்க்கே ஆயுள் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் திருப்பிக்கொள்வேன்.

ஒரு நாள் காலை வைத்த சோறு வைத்தபடியே இருந்தது. செவலை முகத்தைத் தரையில் வைத்துக்கொண்டு கிடந்தது. கடைவாயில் எச்சில். வசந்தா பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பேபியை யாரும் கொல்லைப்பக்கம் விடவில்லை. ஜெயராமன் லீவு சொல்லிவிட்டு மரத்தடியில் நின்றார். அவர் கை தானாகத் தன் தொப்புள் பக்கம் தடவிக்கொண்டிருந்தது. அப்பா தண்ணீர்ச் சட்டியை நகர்த்தி நகர்த்தி வைத்தார். வெறி பிடித்த நாய் தண்ணீருக்குப் பயப்படும் என்பது எல்லாருக்கும் தெரியும். செவலை சட்டியை வெறுமே பார்த்தது. வெயில் ஏறியது. நான் அதன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க அது வெறி பிடித்த கண்ணாகவே தெரிந்தது.

மத்தியானம் அது எழுந்து, முதுகை வளைத்து, வாந்தி எடுத்தது. ஆட்டுக்குடல். அத்தனையும் ஆட்டுக்குடல். முந்தின நாள் உலகநாதன் வீட்டில் விசேஷம். பாவம், நல்லா இருக்கட்டும் என்று ஒரு கூடையே கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். வாந்தி எடுத்துவிட்டு செவலை சட்டித் தண்ணீரை முழுவதும் குடித்தது. ஜெயராமன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் அழுததாக வசந்தா பிறகு சொன்னாள். நான் நம்பினேன், ஆனாலும் எனக்கு மனம் இளகவில்லை.

பத்து நாள் முடிந்தது. நாய்க்கு ஒன்றுமில்லை. பேபிக்கு ஊசி இல்லை.

இதற்கு நடுவில் எப்போதோ குட்டிகளுக்குக் கண் திறந்திருந்தது. எந்த நாள் என்று லைனில் ஒருவருக்கும் தெரியாது. எல்லாரும் தாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். பேபிதான் முதலில் கவனித்துச் சொன்னாள். கறுப்பு வெள்ளைக் குட்டி யார் முகத்தை முதலில் பார்த்தது என்று ஜெயராமன் கேட்கவில்லை. நீலம் பூத்த அந்தக் கண்ணால் அது யாரையும் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. அது தாயைத் தேடிப் போனது மூக்கால்தான்.

ஒன்றாம் தேதி நாங்கள் கிளம்பினோம். ஜெயராமன் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முத்தாபுதுப்பேட்டையில் ஏர்போர்ஸ் வேலியை ஒட்டி ஒரு ஓலைக் கொட்டகை பார்த்திருந்தார் அப்பா. கைவண்டியில் சாமான் ஏறியது. அம்மாவும் நானும் கடைசியாக விறகை எடுக்கப் பெட்டிப் பக்கம் போனோம். குட்டிகள் நான்கும் வெளியே வந்து ஒன்றின் மேல் ஒன்று விழுந்து புரண்டுகொண்டிருந்தன. ஊசி மாதிரிப் பல் முளைத்திருந்தது. செவலை மரத்தடியில் படுத்திருந்தது. கயிற்றை அப்பா எப்போதோ அவிழ்த்துவிட்டிருந்தார்.

ஜெயராமன் வந்து நின்றார். கறுப்பு வெள்ளைக் குட்டி அவர் செருப்பை முகர்ந்தது. அவர் குனிந்து கையை நீட்டினார். செவலை எழுந்து நின்றது. மேலுதடு மட்டும் ஏறியது. சத்தம் போடவில்லை. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, "குட்டிய எடுக்க இன்னும் எத்தன நாளு?" என்றார். என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் அம்மா விறகோடு வண்டிக்குப் போய்விட்டாள், அங்கே வேறு யாரும் இல்லை.

பால் குடிக்க வருகிற குட்டிகளைச் செவலை தானே தட்டிவிட ஆரம்பிக்கும். பல் குத்துகிற வலி தாங்காமல் எழுந்து எழுந்து போகும். குட்டிகள் தாமாகச் சோறு தின்னும். அடித்துப் புரண்டு எது வரை கடிக்கலாம் என்று ஒன்றிடம் ஒன்று கற்றுக்கொள்ளும். அதெல்லாம் இந்த ஒரு மாதத்தில் யோசித்து வைத்திருந்தேன். அவருக்குச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

"அதக் கேளுங்க சார்" என்று செவலையைக் காட்டினேன். "அதுவே சொல்லும்."

அப்பா வண்டியைத் தள்ளினார். நான் பின்னாலிருந்து கை கொடுத்தேன். திருப்பத்தில் ஒரு முறை பார்த்தேன். ஜெயராமன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, செவலைக்கு எதிரே, பதிலுக்காகக் காத்திருப்பவர் போலவே நின்றிருந்தார்.